இருமிவிட்டு உள்ளே போனவர்

தளி சாலையில், எங்கள் கம்பெனிக்கு ஷெட் போட இடம் தேடிப் போனபோது அவரைப் பார்த்தேன். நரைத்த மீசை, சாயம் போன சட்டை. மூன்று பக்கமும் கம்பெனிச் சுவர்கள். நடுவே தன் நிலத்தை முள்ளுக்காடாகவே விட்டிருந்தார். உள்ளே கால் வைக்குமுன் நின்று இருமினார்.

"முயலு, கீரியெல்லாம் இருக்குதுங்க. சொல்லாம போனா பயந்துரும்."

அந்த நேரம் பார்த்து என் பேண்ட்டை ஏதோ கவ்வியது. அலறி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். கவ்வியது இலந்தை முள்.

வெட்கத்தை மறைக்க, "கடைசியா எப்பங்க பாத்தீங்க?" என்றேன்.

"சுவரு வந்ததுலேர்ந்து ஒண்ணும் கண்ணுல படல சார்."

"அப்ப காலியாத்தானே கெடக்குது? குடுத்துரலாமே?"

"இருந்துச்சுன்னா?"

கேட்டுவிட்டு, இன்னொரு முறை இருமி உள்ளே போனார்.

ஷெட்டுக்கு வேறு இடம் தேடுகிறேன். எந்தக் காலி நிலத்திலும் இருமாமல் கால் வைக்க முடியவில்லை. முதலாளி மாத்திரை போடச் சொல்கிறார்.