பெங்களூர் ரகப் புல்

நான் பி.எஸ்சி. படித்த கல்லூரியில் பெண்கள் மொத்தம் ஏழு பேர். உட்கார்ந்து சோறு தின்ன எங்களுக்கு ஓர் இடம் கிடையாது. வகுப்பில் டப்பாவைத் திறந்தால் ஜன்னலில் பத்துத் தலை முளைக்கும். மாடிப்படிக்கு அடியில் நின்றுகொண்டே தின்போம். எழுபதுகளின் தொடக்கம், பெண்பிள்ளைகள் படிக்க வந்ததே பெரிசு, உட்கார வேறு இடம் வேண்டுமா என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சோதனைச்சாலைக்கும் நூலகத்துக்கும் நடுவில் ஒரு முற்றம் இருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு புங்கமரம், சுற்றிலும் நெருஞ்சி. நேராக முதல்வரிடம் போய், "அந்த எடத்த எங்களுக்குக் குடுங்க சார், நாங்களே சுத்தம் பண்ணிக்கறோங்க" என்றேன். அவர் கோட்டு போட்ட மனிதர். பெங்களூரில் பார்த்த புல்தரையைப் பற்றியே ஆறு மாதம் பேசியவர்.

"இன்னும் இருவது நாள்ல பல்கலைக்கழகத்துலருந்து குழு வருது. அதுக்குள்ள அங்க லான் வந்துட்டா எடம் உங்களுக்கு. இல்லன்னா சைக்கிள் ஸ்டாண்டு" என்றார்.

நெருஞ்சியைப் பிடுங்கினோம். கட்டடத்துக்கு மிஞ்சிக் கிடந்த கல் பலகைகளை ஏழு பேரும் தம் பிடித்து நகர்த்தி மரத்தடியில் இருக்கை போட்டோம். புல்லுக்கு எங்கே போவது? பென்னாகரத்துத் தோழி சொன்னாள்: "ஏண்டி, எங்க வூட்டுல ராகி நாத்து விட்டா ஒரே வாரத்துல பச்சப்பசேல்னு நிக்குது. கோட்டு போட்டவருக்கு என்ன தெரியப்போவுது?"

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. மறுநாள் கடத்தூர் பஸ்ஸில் மடியில் இரண்டு படி ராகியோடு வந்தேன். நெருக்கி விதைத்தோம், சோதனைச்சாலை வாளியில் தண்ணீர் தெளித்தோம், குருவி விரட்டுகிறேன் பேர்வழி என்று ஆட்டம் போட்டோம். குழு வந்த அன்று முற்றமே பச்சை! "என்ன ரகப் புல்?" என்று ஒருவர் கேட்டார். "பெங்களூர் ரகம்" என்றார் முதல்வர், கண்ணை இமைக்காமல். தூணுக்குப் பின்னால் தாவணியை வாயில் திணித்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் போனால் கதவில் பூட்டு, மேலே பலகை: 'புல்தரை. யாரும் உள்ளே வரக் கூடாது.' அடப்பாவி மனுஷா! மறுபடி மாடிப்படிக்கு அடியில் நின்று தின்றோம். சோறு இறங்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் ராகிக்குப் பலகை படிக்கத் தெரியுமா? மழை பெய்தது, இரண்டு மூன்று மாதத்தில் அது பாட்டுக்கு வளர்ந்து கதிரும் வைத்தது. கதவிடுக்கில் பார்த்த எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடினேன்.

"சார், உங்க பெங்களூர் புல்லு கதிர் வெச்சிருச்சுங்க!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டால்? அவர் வந்து பூட்டைத் திறந்தார். ஒரு கதிரைக் கிள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதி, வாயில் போட்டுக்கொண்டார். நன்றாகப் பழகிய கை.

"அறுக்க இன்னும் ஒரு வாரம் ஆவணும்" என்றார். "குழு வந்தன்னைக்கே தெரியும்மா. எங்கப்பனும் ராகி வெச்சவருதான்."

"அப்பறம் எதுக்கு சார் கதவப் பூட்டி எங்கள வெளிய தள்ளுனீங்க?"

"வெளைஞ்சு வர்றத மிதிக்க உட மனசு வரலம்மா."

பலகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஏழு பேரும் சுவரோரமாக நின்றோம், பழக்கதோஷம். அவர் கல் இருக்கைகளைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்றார். இரண்டு வருஷத்தில் அந்தக் கல்லூரியில் எங்களை யாரும் அப்படிச் சொன்னதில்லை.