சந்தனம் பூசிய பிளக்

ஓர் ஊரில் இரண்டு வாரம் இருந்தால் போதும், எனக்குக் கால் நமைச்சல் எடுத்துவிடும். அதற்காகவே வாங்கிய பழைய கேரவன் அது. பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்துப் போவோம். உள்ளே ஒரு படுக்கை, ஓர் அடுப்பு, பேட்டரியில் ஓடும் சின்னக் குளிர்பெட்டி. பெட்டிக்குள் மனைவியின் இன்சுலின் பேனாக்கள், இரண்டு மாதத்துக்கு உண்டானவை.

கூலாயில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் முன், வீட்டுக் கரண்டில் பேட்டரியை நிரப்பிக்கொள்ளலாம் என்றாள். வண்டி ஓட ஓடத் தானே ஏறும், அதற்குத்தான் தனிக் கம்பி போட்டிருக்கிறேன் என்றேன். கோயிலில் பூஜை. டயருக்கு எலுமிச்சை, முகப்புக்குச் சந்தனம். மிஞ்சிய சந்தனத்தை, இரண்டு வண்டியையும் இணைக்கும் அந்தக் கம்பியின் பிளக்கில் அப்பிச் செருகினேன். உழைக்கிற பொருள், அதற்கும் ஒரு பொட்டு.

பாலோவில் அவள் அக்காள் வீட்டில் ஓர் இரவு. மறுநாள் பத்து பாகாட் ஊர் வரை செம்பனைத் தோட்டம், வெயில், மறுபடி செம்பனை. அங்கே கடைத்தெருவில் நிறுத்தியதும் தண்ணீர் எடுக்கப் பின்னால் போனவள் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். குளிர்பெட்டி அணைந்திருந்தது. பேனாக்களை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளக்கைப் பிடுங்கினேன். சந்தனம் உள்ளே வழிந்து, செம்பு முனைகளின் மேல் ஓடாகக் காய்ந்திருந்தது. இரண்டு நாள் ஓட்டத்தில் துளி மின்சாரமும் ஏறவில்லை.

"பொட்டு வெச்சீங்களா, அதோட கண்ண மூடிட்டீங்களா?" என்றாள்.

பேனாக்களைக் காட்டியதும் மருந்துக்கடைச் சீனப் பெண்மணி, கேரவனுக்குள் எவ்வளவு சூடு இருந்தது என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் இவற்றை நம்பிப் போடவேண்டாம் என்றார். அவள் கைப்பையில் இருந்த ஒரு பேனா நாளைக் காலை வரை தாங்கும்.

இங்கேயே ஒரு கிளினிக்கில் கேட்டு வாங்கிக்கொண்டு, கடலோரமாக இன்னும் மேலே போகலாம் என்றேன்.

"எனக்கு முடியலங்க," என்றாள். "நீங்க போய்க்கிட்டே இருப்பீங்க, நான் பின்னால இழுபட்டுக்கிட்டே வரணும். வீட்டுக்குப் போலாம் லா."

வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டும்; சந்து குறுகல். இறங்கிப் பின்னால் போய் நின்று, கோஸ்தான், கோஸ்தான் என்று பின்னால் வரச் சொல்லிக் கை காட்டினாள். பின்னால் தள்ளும்போது கேரவன் நாம் ஒடிப்பதற்கு எதிர்ப்பக்கம் போகும். இத்தனை வருடத்தில் அது எனக்குக் கைவரவில்லை. நான்காம் முறையும் கோணியது. அவள் கையை இறக்கிவிட்டு வெயிலில் அப்படியே நின்றாள். நான் ஸ்டியரிங்கை மறுபடி ஒடித்தேன்.