கடைசி வரிசையில் கேட்ட இரைச்சல்

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வயதில் சால்டரிங் மேசையில் வேலைக்குச் சேர்ந்து, ஏழாவது வருஷம் சோதனைப் பிரிவுக்கு மாறியவள். அதன்பின் அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் வாசல் தாண்டியதில்லை. மீட்டர் முள் ஒரு கோடு தள்ளி நின்றாலும் போதும், திட்டமாட்டாள், முகம் சுளிக்கமாட்டாள். பெட்டியின் மேல் ஒரு சிவப்புத் தாளை ஒட்டிவிட்டு அடுத்ததை எடுப்பாள். அந்தத் தாளுக்குப் பயந்தே பலர் ஒழுங்காக வேலை செய்தார்கள்.

அங்கே தயாரானது காது மந்தமானவர்களுக்கான எஃப்.எம். ரிசீவர். கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளும் சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு இயர்போன். ஆசிரியர் மைக்கைச் சட்டையில் மாட்டிக்கொண்டு பேசினால், அவர் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வகுப்பில் உள்ளவர்களுக்குக் கேட்கும்.

அந்தப் பெட்டி அவளுடைய சொந்த அண்ணனுக்கே தேவைப்படும் காலம் வந்தது. அண்ணன் முப்பத்தொரு வருஷம் கொதிகலன் பட்டறையில் இரும்புத் தகடு அடித்தவர். ஓய்வு பெற்றபோது செவியில் பாதிக்கு மேல் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு வருஷம் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"குளிக்க வாங்கன்னு கூப்பிட்டா, 'யாரு குடிக்க வர்றா'ன்னு கேக்கிறாரு," என்று அண்ணி சிரித்துக்கொண்டே சொல்வாள். சொல்லி முடித்ததும் அந்தச் சிரிப்பு முகத்தில் தங்காது.

ஒருநாள் அவர் தையல் கற்கப் போவதாகச் சொன்னார். காது மந்தமான பெரியவர்களுக்கு வாரம் இரண்டு நாள் ஒரு பொதுக் கூடத்தில் வகுப்பு நடந்தது.

"சுத்தியல் பிடிச்ச கையில ஊசி நிக்குமா?" என்றாள் அண்ணி.

"தகட்டை வெட்டினவன் துணியை வெட்டமாட்டேனா?" என்று கிளம்பிவிட்டார்.

அந்த வகுப்புக்கு வாங்கியிருந்த பன்னிரண்டு ரிசீவர்களும் தங்கை வேலை செய்யும் தொழிற்சாலையில் செய்தவை. முதல் நாள் வகுப்பு முடிந்ததும் அண்ணன் நேரே அவள் வீட்டுக்கு வந்தார். "டீச்சர் என் காதுக்குள்ளயே உக்காந்து பேசுறாங்கம்மா!" என்று அவர் கத்தியதில் தெருவுக்கே அந்தச் செய்தி தெரிந்தது.

இரண்டு வாரம் துணி வெட்டுவதும் கைத்தையலுமாகப் போயிற்று. மூன்றாவது வாரம் மோட்டார் வைத்த தையல் மிஷின்களில் உட்காரவைத்தார்கள். அன்று வந்தவர் முகம் வாடியிருந்தது.

"பெடலை மிதிச்சாப் போதும், உன் பெட்டிக்குள்ள தகரக் கூரையில கல் கொட்டுற மாதிரி இருக்கு. டீச்சர் பேசுறது ஒண்ணும் புரியல."

"பேட்டரி மாத்திப் பாத்தீங்களாண்ணா?"

"மூணு தடவ மாத்தியாச்சு."

"சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்க."

"குறைச்சா ரெண்டும் சேந்துல்ல குறையுது!"

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்த் தன் மேசையில் வைத்துச் சோதித்தாள். முள் நிற்கவேண்டிய இடத்தில் ஆணி அடித்ததுபோல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்ததும் திருப்பிக் கொடுத்தாள்.

"பெட்டியில ஒரு குறையும் இல்லண்ணா. நானே பாத்துக் கையெழுத்துப் போட்டது. உங்க காதுதான்..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். எதையுமே சரியாகக் கேட்காத அண்ணனுக்கு அந்த ஒரு சொல் மட்டும் முழுசாகக் கேட்டுவிட்டது. பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மூன்று ஞாயிறு அவர் வரவில்லை. நான்காவது வாரம் அண்ணிதான் வந்தாள்.

"கிளாசுக்கும் போறதில்ல. பழையபடி ஜன்னல்தான். 'சொந்தத் தங்கச்சியே காதுதான் கோளாறுன்னு சொல்லிட்டா, இனி எங்க போய் என்னத்தக் கேக்க'ங்கிறாரு."

அடுத்த வகுப்பு நாளில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அண்ணியிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு அந்தக் கூடத்துக்குப் போனாள்.

நீளமான கூடம். முன்னால் ஆசிரியையின் மேசை, அதற்குப் பின் வரிசை வரிசையாக மிஷின்கள். அண்ணனின் இடம் கடைசி வரிசையில், ஒரு பெரிய இரும்பு அலமாரியை ஒட்டி இருந்தது. அங்கே உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொண்டாள். ஆசிரியை பேசியது தெளிவாகவே கேட்டது. பிறகு எல்லோரும் பெடலை மிதித்தார்கள். படபடவென்று இரைச்சல் கிளம்பிப் பேச்சைச் சொல் சொல்லாக விழுங்கியது. அண்ணன் சொன்னதில் ஒரு எழுத்துகூட மிகையில்லை.

அவள் எழுந்து மெல்ல முன்னால் நடந்தாள். நாலாவது வரிசையில் இரைச்சல் மெலிந்தது. இரண்டாவது வரிசையில் அடியோடு நின்றுபோனது. மிஷின்கள் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தன. திரும்பிப் பின்னால் போனாள், இரைச்சல் வந்தது.

"பின்னாடி உக்கார்றவங்க கேக்கலம்பாங்க, முன்னாடி இருக்கிறவங்க நல்லாக் கேக்குதும்பாங்க," என்றார் ஆசிரியை. "வயசானவங்க, காதுல வித்தியாசம் இருக்கும்னு நானும் விட்டுட்டேன்."

மீட்டரக்காவுக்குப் புரிந்துவிட்டது. எஃப்.எம். அலையில் பேச்சு இருப்பது அலையின் உயரத்தில் இல்லை. அது எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு விலகித் துடிக்கிறது என்பதில்தான். மோட்டாரில் தெறிக்கும் தீப்பொறியும் காற்றில் அலை கிளப்பும்; அது பெரும்பாலும் பேச்சு அலையின் உயரத்தைத்தான் கலைக்கும். அதனால் அலையிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கும் பகுதிக்குப் போகும் முன்பே, லிமிட்டர் என்ற பகுதி அலையின் மேல்முனையையும் கீழ்முனையையும் ஒரே மட்டமாக வெட்டிவிடும். உயரத்தில் இருந்த கலக்கம் அதோடு ஒழியும். ஆனால் வெட்டுவதற்கு அலை அந்த மட்டம் வரை எழும்ப வேண்டுமே. முன்வரிசையில் சிக்னல் பலமாக இருந்தது, எழும்பியது. அலமாரிக்குப் பக்கத்தில் மெலிந்துபோயிருந்தது, எழும்பவில்லை. லிமிட்டர் வெறுங்காற்றை வெட்டிக்கொண்டிருக்க, இரைச்சல் சிந்தாமல் சிதறாமல் காதுக்கு வந்தது.

அவளோ எல்லாப் பெட்டிகளையும் பலமான சிக்னலில் மட்டுமே சோதித்திருந்தாள். சோதனைத் தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது.

மறுநாள் காலை மேசையில் சிக்னலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாள். பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒரு துளைபோடும் மிஷினை இரவல் வாங்கிப் பக்கத்தில் ஓடவிட்டாள். பழைய ரிசீவர் ஒன்று அலட்டிக்கொள்ளாமல் பேசியது. புதியவற்றில் பத்துக்கு ஏழு படபடத்தன. இரண்டையும் திறந்து பார்த்தபோது, லிமிட்டருக்கு முன்னால் அலையைப் பெருக்கும் டிரான்சிஸ்டர் வேறாக இருந்தது. பழைய வகை கிடைக்காததால் வடிவமைப்புப் பொறியாளர் மாற்றியது. அதற்குப் பெருக்கும் திறன் குறைவு.

பொறியாளர் அவளைவிடப் பத்து வயது இளையவர். சொன்னதும் அவருக்குச் சுருக்கென்றது.

"எல்லாமே டெஸ்ட்ல பாஸ் ஆச்சேக்கா. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"நான்தான் சார் போட்டேன். அதனாலதான் நானே வந்து சொல்றேன்."

அவர் இயர்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். அவள் துளை மிஷினின் பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரம் கேட்டவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் பொருத்தமான வேறொரு டிரான்சிஸ்டரை அவரே தேடி எடுத்துப் போட்டார். குறைந்த சிக்னலிலும் அலையின் தலை பலகை வைத்து இழைத்ததுபோல் தட்டையாக அலைகாட்டும் கருவியின் திரையில் தெரிந்தது.

மேலாளர்தான் முரண்டு பிடித்தார். அந்த மாற்றத்துக்குப் பிறகு வெளியே போனவை நூற்று நாற்பது.

"புகார் வந்தது ஒரே இடத்துலதானே? எல்லாத்தையும் எதுக்குத் திரும்ப வரவழைக்கணும்?"

"மத்த இடத்துல எல்லாம் அவங்க காது மேல பழியைப் போட்டிருப்பாங்க சார். நானே போட்டேன்."

மேலாளர் பேனாவை மூடினார், திறந்தார். "சரி, கடிதம் தயார் பண்ணுங்க," என்றார்.

சரிசெய்த பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் ஜன்னலோரம் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, வாயில் வராததை வரவழைத்து, "தப்பு என் மேலதாண்ணா," என்றாள்.

அவர் உள்பக்கம் திரும்பி, "உப்பு கேக்கிறா பாரு, எடுத்துக் குடு," என்றார்.

"உப்பு இல்லண்ணா, தப்பு! தப்பு என்னோடது! உங்க காதுல குறை இல்ல, நான் பாஸ் பண்ணின பெட்டியிலதான் குறை!"

அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அண்ணன் அவரைப் பார்த்துக் கையாட்டிவிட்டுத் தங்கையிடம் திரும்பினார்.

"மொதல் தடவையே கேட்டுச்சு. இன்னொரு தடவ கேக்கலாமேன்னு தோணுச்சு."

அவள் அவர் தோளில் ஒன்று வைத்தாள். அண்ணி கையில் உப்பு ஜாடியோடு வந்து, அண்ணனும் தங்கையும் மாறி மாறிச் சிரிப்பதையும் கண்ணைத் துடைத்துக்கொள்வதையும் பார்த்து விழித்தாள்.

அடுத்த வகுப்புக்கு அவளும் கூடப் போய் வாசலில் நின்றாள். எல்லா மிஷின்களும் ஓடின. அண்ணன் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்.

"கடைசி வரிசை ஐயா, தையல் கோணலாப் போகுது, நிறுத்துங்க!" என்றார் ஆசிரியை, குரலை உயர்த்தாமல். அண்ணனின் கால் சட்டென்று பெடலிலிருந்து எழுந்தது.

சோதனைத் தாளில் அவள் புதிதாக ஒரு வரி சேர்த்தாள்: குறைந்த சிக்னல், பக்கத்தில் மோட்டார் ஓடவேண்டும். அதற்குப் பிறகு சிவப்புத் தாள்கள் கொஞ்ச நாள் கூடுதலாகச் செலவாயின.

வருஷக் கடைசியில் அண்ணன் தங்கையின் கணவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். ஒரு கை மற்றதைவிட இரண்டு விரற்கடை நீளம். மனுஷன் நீளக் கையை ஒரு மடிப்பு அதிகமாக மடித்துவிட்டுக்கொண்டு, அது கிழியும்வரை போட்டுக்கொண்டிருந்தார்.