மூட்டைகளுக்கு நடுவே ஒரு மாத்திரை

திருப்போரூருக்கு மேற்கே உள்ள எங்கள் நிலத்தில் மூன்று வருடமாக யூரியா போடவில்லை, மருந்து அடிக்கவில்லை. இயற்கை விளைபொருள் என்று அரசாங்கம் சான்று தர வேண்டுமானால் அது மட்டும் போதாது. சாக்கு புதிதாக இருக்க வேண்டும். நெல் வைக்கும் அறை, அரைக்கும் மில், ஏற்றும் வண்டி எல்லாமே சுத்தமாக இருக்க வேண்டும். எங்கள் நெல்லுக்கு முன்னால் மெஷினைத் துடைத்துத் தரச் சொல்லி மில்காரரிடம் கெஞ்சியதில் என் மானம் பாதி போயிற்று. களை பிடுங்கியே என் மனைவியின் இடுப்பு போயிற்று. சான்று வந்தால் மொத்த அரிசியையும் எடுத்துக்கொள்வதாக மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்று சொல்லியிருந்தது. அலுத்துப்போன பிறகும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஓடினோம்.

கடைசி ஆய்வுக்கு முந்தின வாரம் மனைவிக்குக் காய்ச்சல். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவளோடு நான் இருந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள அவள் தம்பி வந்தான். நெல் குடோனில் வேலை பார்க்கிறவன், சும்மா இருக்கத் தெரியாத நல்ல பிள்ளை. ஆய்வன்று காலையில்தான் நாங்கள் வீடு திரும்பினோம்.

ஆய்வுக்கு வந்த அம்மா வயலைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், திருப்தியாகத்தான் தெரிந்தார். நெல் அறையில் தார்ப்பாயை விலக்கியவர், "பூச்சியே இல்லையே, எப்படிங்க?" என்றார். நான் போட்டு வைத்த வேப்பிலையைச் சொல்ல வாய் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டான்.

"அந்துப்பூச்சி பறந்துகினு இருந்துச்சு மேடம். எங்க குடோன்ல வெக்கிற பூச்சி மருந்து மாத்திரயத்தான் துணில கட்டி நடுவுல வெச்சேன். இப்ப ஒரு பூச்சியாவது கீதா? நீங்களே பாருங்க."

அவன் முகத்தில் அப்படியொரு பெருமை. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மா தார்ப்பாயைப் பழையபடி மூடினார். பிறகு, "இந்த நெல்லை இயற்கைன்னு விக்க முடியாதுங்க. சாதா நெல்லா போட்டுடுங்க" என்றார்.

மச்சானுக்கு அப்போதுதான் உறைத்தது. "இன்னா மேடம் இது? எல்லாரும் அதத்தான வெக்கிறாங்க. ஊரே அந்த அரிசியத்தான துன்னுகினு கீது?"

"ஆமாங்க. அதுக்கு யாரும் சர்டிபிகேட் கேக்கிறதில்ல."

மறுநாள் அவனே குடோன் வண்டியைக் கொண்டுவந்தான். மூட்டைகளை ஏற்றி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. குடோனில் எங்கள் நெல்லை மற்ற நெல்லின்மேல் கொட்டினார்கள். கொட்டி முடித்தபோது, அதில் எது எங்களுடையது என்று எனக்கே தெரியவில்லை.