வேன் அக்காவின் வாசிப்பு வேகம்

கடைசிப் பிள்ளையும் இறங்கிப் பள்ளிக்குள் ஓடியதும் வேன் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்து, பக்கத்து இருக்கையில் கிடக்கும் தடித்த நாவலை மடியில் போட்டுக்கொள்கிறார். பக்க அடையாளத்துக்கு எந்த வாண்டோ தவறவிட்ட ஹேர்பின். பள்ளி விட இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது.

மற்ற ஓட்டுநர்கள் மரத்தடியில் சீட்டாடுவார்கள். "என்னக்கா, வக்கீலுக்குப் படிக்கிறியா?" என்று ஒருவர் தினமும் கேட்பார். "இல்லப்பா, அடுத்தவன் வீட்டை எட்டிப் பாக்குறேன்" என்று தலை நிமிராமலே பதில் வரும்.

ஆரம்பத்தில் எல்லாம் துப்பறியும் கதைகள். நாளுக்கு ஒன்று. வர்ணனை வந்தால் ஒரே தாவு. பாதியிலேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கொலைகாரனைப் பிடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு படிப்பார். "யாருன்னு தெரிஞ்சிட்டா நிம்மதியா படிக்கலாம்ல?"

வீட்டிலும் அக்காவுக்கு அதே வேகம்தான். பெயிண்டரான கணவர் முன்பெல்லாம் வாயை மூடினால் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். அப்படிப் பேசிய மனிதர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து, கை கால் ஓரளவு தேறியது, பேச்சு தேறவில்லை. ஒரு சொல் வெளியே வர ஒரு யுகமாகும். "த…" என்று அவர் தொடங்கினால் போதும், "தண்ணியா? தலவலியா? தலகாணியா?" என்று அக்கா வரிசையாக நீட்டிவிடுவார். கணவர் ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டிவைப்பார். கேட்காத தண்ணீரை மறுபேச்சில்லாமல் குடிப்பார்.

"இந்த அலமாரில இனிமே கொலையே பாக்கி இல்லக்கா" என்று நூலகப் பெண்மணி கையை விரித்தபோதுதான் இந்தத் தடித்த நாவல் வந்து சேர்ந்தது. நாற்பது பக்கம் போயும் யாரும் சாகவில்லை. நாற்காலியை விட்டுக்கூட எழவில்லை. ஒரு தபால்காரர் விடுப்பு எடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் அங்கேயும் யோசித்துக்கொண்டிருந்தார். "ஒரு லீவு லெட்டருக்கா இந்த அலப்பறை?" என்று அக்கா இரண்டு முறை திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்றாம் முறை எடுத்தது ரோஷத்தில். "எனக்குப் புரியாதுன்னு எழுதி வச்சிருக்கானா, பாத்துடறேன்."

போன செவ்வாய்க்கிழமை நண்பகலில், அரைப் பக்கத்துக்கு நீண்ட ஒரு வாக்கியத்தைக் காலி இருக்கைகளைப் பார்த்து உரக்க வாசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி வாசித்தார். மூன்றாவது தடவை, ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று போனபோது புரிந்தது: விடுப்பு எடுத்தால் போய் உட்கார அந்த மனிதருக்கு ஒரு வீடில்லை. அதை அவர் எங்கேயும் நேராகச் சொல்லவில்லை. சொல்ல வரும்போதெல்லாம் அக்கா பக்கத்தைத் தாண்டியிருந்தார்.

அன்று அதற்கு மேல் ஒரு வரி படிக்கவில்லை. ஹேர்பினை அந்தப் பக்கத்தில் செருகிப் புத்தகத்தை மூடினார்.

மாலையில் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, சமையலறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கணவர் வந்து நின்றார். "மு… மு…"

முதுகா, முகம் கழுவணுமா, முறுக்கிக்கிட்டு இழுக்குதா? எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. அக்கா கத்தியைக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார். அவர் முகத்தைப் பார்த்தபடி வாயை இறுக மூடிக்கொண்டார்.

கணவர் வழக்கம்போலக் கேள்விகளுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது, உதடு கோணியது. உதவிக்குப் போகத் துடித்த தன் நாக்கை அக்கா பல்லால் கடித்துக்கொண்டார்.

"முடி…" என்றார் கடைசியில். மூச்சு வாங்கிக்கொண்டு, "வெட்டினது… நல்லாருக்கு."

அக்கா கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டு அன்றோடு எட்டு நாளாகியிருந்தது. வெங்காயம் பிசுபிசுத்த கையாலேயே பிடரியை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டார்.