பூட்டியின் பெயர்

பிரெஞ்சு நகரமொன்றின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறிக் கடை வைத்திருந்த அந்த அம்மாவுக்கு யாரையுமே பிடிக்காது. வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பவரின் கையிலிருந்து கூடையையே பிடுங்கிவிடுவார்.

என்னோடு வேலை பார்த்த அமெரிக்கத் தோழி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் நாட்டுப் பண்ணைக் கிராமமொன்றிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மிஷன் பள்ளி நடத்தப் போன தன் மூதாட்டியின் கதையைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த மூதாட்டி வளர்த்த தமிழ்ச் சிறுமிதான் இந்த அம்மாவின் பூட்டி, அதாவது பாட்டியின் தாய், என்று கேள்விப்பட்டு விசாரிக்கப் போனேன்.

"வளர்த்தவவோ?" என்றார். "தன்ரை செத்த பிள்ளையின்ரை பேரை எங்கட பூட்டிக்கு வைச்சவ. பெத்த தாய் வைச்ச பேரைச் சொன்னால் அடி. அந்தப் பேர் என்னெண்டு இண்டைக்கு எங்களுக்கே தெரியாது."

"நல்லது நினைச்சுத்தானே செஞ்சிருப்பாங்க?"

"மரக்கறி வாங்கிறதெண்டால் வாங்குங்கோ. இல்லையெண்டால் வழியை விடுங்கோ."

தோழியிடம் சொன்னேன். அந்தப் பழைய பெயர் தெரியுமா என்று அவள் தன் உறவினர் எல்லோரையும் கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லத் திரும்பவும் போனேன்.

"பேரைக் கேட்டனீங்களோ?" என்றார், நான் வாய் திறக்கும் முன்பே.

"கேட்டோம்மா. அங்கேயும் யாருக்கும் தெரியல."

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று எனக்குப் பின்னால் நின்றவரிடம் திரும்பிவிட்டார். ஆனால் அதற்கு முன், நான் பதில் சொல்லி முடிக்கும்வரை, தராசில் நிறுத்த மரக்கறியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தார்.