மண்ணெண்ணெயில் துடைத்த கூரை

முப்பது வருடம், கார்களுக்குச் சீற்றும் கூரையும் போடுகிற குசன் வேலை செய்தேன். அதில் ஒரேயொரு கூரையைத்தான் கெடுத்தேன். தெரியாமல் கெடுக்கவில்லை, தெரிந்தே கெடுத்தேன். தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் நான் தைத்த சீற்றுகளைப் பற்றிக் கேட்பார்கள். இதை யாரும் கேட்பதில்லை. நானாகச் சொல்கிறேன்.

1992. கொக்குவிலில் ஒரு கராஜில் எனக்கு வேலை. போரால் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது நின்றுபோன காலம். கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் புகைந்து புகைந்து ஓடின. ஸ்டார்ட் எடுக்க மட்டும் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டாக வேண்டும். அதனால் பெற்றோல் கைவசம் உள்ளவன் அதை வெளியில் காட்டமாட்டான்.

அந்த நேரத்தில்தான் சேவயர் ஐயா தன் கோட்டினாக் காரைக் கொண்டுவந்தார். காணி அளக்கிற உத்தியோகத்திலிருந்து பென்சன் எடுத்த மனிதர். தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து, மனைவியோடு எங்கள் அயலில் வாடகைக்கு இருந்தார். அந்தக் காரின் கூரைக்குமேல் தோல்போன்ற கறுப்பு வைனில் சீலை ஒட்டியிருக்கும். கம்பனியிலேயே அப்படித்தான் வந்தது. ஷெல் துண்டு பட்டு அது கிழிந்து, மழைத்தண்ணீர் இறங்கி, கீழே தகரம் கறள் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"உதை உரிச்சு எறிஞ்சுபோட்டுப் பெயின்ற் அடிச்சு விடுவம் ஐயா. ஆர் பாக்கப் போறான்?" என்றார் முதலாளி.

"நான் பாப்பன்," என்றார் ஐயா. "கார் வந்தது வந்தபடி இருக்கவேணும்."

அவர் கையில் நீளமாக ஒரு சுருள் இருந்தது. காரை அவருக்கு விற்ற தேயிலைத் தோட்டத்துத் துரை, சீமையிலிருந்து எடுப்பித்து வைத்திருந்த மேலதிக வைனில். அதே கறுப்பு, அதே சொரசொரப்பு, கூரையில் நீளவாக்கில் ஓடும் கம்பனித் தையல் இரண்டும் போட்டபடி. விரித்துப் பார்த்தேன். ஒரு வெடிப்பு இல்லை. புதுச் சப்பாத்துத் தோல்போல இளக்கமாக இருந்தது.

"இனி உது எங்கையும் கிடையாது தம்பி. ஒருக்காத்தான் ஒட்டலாம்," என்றார். பிறகு பையிலிருந்து ஒரு போத்தல் பெற்றோலை எடுத்துத் தந்தார். "தகரம் துடைக்க வேணுமெண்டு அறிஞ்சன்."

சரியாகத்தான் அறிந்திருந்தார். பழைய பசையைச் சுரண்டி எடுத்தபின் தகரத்தைப் பெற்றோலால் அல்லது தின்னரால் துடைக்க வேண்டும். இரண்டும் ஆவியாகிப் போய்விடும். மண்ணெண்ணெய் அப்படிப் போகாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு எண்ணெய்ப் படையை விட்டுவிடும். அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது.

முன் பின் கண்ணாடிகளைக் கழற்றினேன். ஓரத்து வெள்ளிப் பீடிங் பட்டியை நெளியாமல் எடுத்தேன். மூன்று நாள் சுரண்டினேன். நாலாம் நாள் துடைக்கப் போனால் போத்தலைக் காணவில்லை.

"அதை என்ரை மோட்டச்சைக்கிளுக்கு விட்டிட்டன்," என்றார் முதலாளி. "தின்னரும் இல்லை. மண்ணெண்ணையாலை துடை."

"பசை பிடியாது முதலாளி."

"பிடிக்கும், பிடிக்கும். அவரிட்டைப் போய் ஏதும் கதைச்சியெண்டா நீ வேறை கராஜ் பாக்கலாம்."

அந்த நாட்களில் வேறு கராஜுக்கு எங்கே போவது? துடைத்தேன். மனச்சமாதானத்துக்குச் சவர்க்காரத் தண்ணீராலும் இரண்டு தரம் கழுவினேன். நடுக்கோடு கீறி, பசை பூசி, வெயிலில் இளகவைத்த வைனிலை நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவித் தடவி ஒட்டினேன். இரண்டு தையலும் நூல் பிடித்ததுபோல் நேராக ஓடின. ஐயா வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் கையை மெல்ல இழுத்துக்கொண்டேன்.

மூன்று கிழமையில் மனைவியோடு திரும்பி வந்தார். கூரை முழுக்கக் கொப்புளம். முன் ஓரம் எழும்பி, அதற்குள் காற்றுப் புகுந்து அடித்து, தையலோரம் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. இனி ஒட்ட வழியில்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். ஐயாவும் என்னைத்தான் பார்த்தார். "நீர் உள்ளதைச் சொல்லும் தம்பி. எங்கை பிழைச்சது?"

"வைனில் பழசு ஐயா," என்றேன். "கன வருசம் சுருட்டி வைச்சிருந்ததாலை பதம் கெட்டுப்போச்சு."

எத்தனை சுலபமாக வாயில் வந்தது!

ஐயா கிழிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அவர் மனைவி என்னிடம் சொன்னார், சத்தம் போடாமல்: "தெல்லிப்பழையாலை வெளிக்கிடேக்கை காருக்குள்ளை அயல் சனத்தையும் ஏத்தினது, தம்பி. சாமானுக்கு இடமில்லை. எங்கடை கலியாணப் படம், பிள்ளையளின்ரை சின்ன வயசுப் படம் எல்லாம் ஒரு பெட்டியிலை இருந்தது. இவர் அதை இறக்கி வைச்சுப்போட்டு உந்தச் சுருளை ஏத்தினவர்."

"ஓம்," என்றார் ஐயா, நிலத்தைப் பார்த்தபடி. "என்ரை பிழைதான்."

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயரும்வரை அவர்கள் அயலில்தான் இருந்தார்கள். போய் உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் கிடைத்தது. நான் போகவில்லை. கோழை.

பெற்றோலைத் திருடியவர் முதலாளி. ஆனால் அந்த மனிதரை மனைவிக்கு முன்னால் குற்றவாளியாக நிறுத்தியவன் நான். தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: வேலை பிழைத்தால் பழியைச் சாமானின் தலையில் போடாதீர்கள். அதைக் கொண்டுவந்தவர் எதை விட்டுவிட்டு அதைத் தூக்கி வந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது.